எருவை மக்கவிட்டு இடுங்கள்

பச்சைச் சாணத்தையும் மக்காத வைக்கோலையும் அள்ளிய கையோடு வயலில் கொட்டினால், அவற்றை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையே (நைட்ரஜன்) எடுத்துக்கொள்வதால், இளம்பயிர் சில வாரங்கள் வெளிறி நிற்கும். களை விதைகளும் உடன் வந்து சேரும். நன்கு மக்கி, வாடை நீங்கி, கையில் உதிரும் பதத்துக்கு வந்த தொழு உரத்தை ஏக்கருக்கு 5 டன் வீதம் கடைசி உழவுக்கு முன் இறைத்து, அன்றே மண்ணுடன் கலந்துவிட வேண்டும். சிறு குவியல்களாக நாட்கணக்கில் வெயிலில் விட்டுவைத்தால் (பல இடங்களில் இப்படித்தான் நடக்கிறது) தழைச்சத்தின் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். தொழு உரத்தில் தழைச்சத்து ஏறத்தாழ அரை விழுக்காடுதான் என்றாலும், மணற்பாங்கான நிலத்தில் ஈரத்தைப் பிடித்துவைப்பதும் களிமண்ணைப் பொலபொலப்பாக்குவதும் யூரியாவால் ஆகாத வேலைகள். தென்னந்தோப்பு உள்ளவர்கள் எருக்குழியை அவ்வப்போது கிளறி, தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டின் புழுக்களைப் பொறுக்கி அழித்துவிடுவது நல்லது.