இயற்கைப் பூங்காவில் குழந்தைகளோடு ஒரு கோடை: புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகள்

கோடையில் இயற்கைப் பூங்காவில் இன்டர்ன்ஷிப் கிடைத்ததும், பறவைப் பெயர், மரப் பெயர் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு பலர் வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் அதையெல்லாம் முதல் பத்து நிமிடத்திலேயே கொட்டிவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

மணலில் குனிந்து ஒரு குழந்தை, "இந்தக் குழியை யார் தோண்டினது?" என்று கேட்கும். "அது குழியானை, எறும்பைப் பிடிச்சுத் தின்னும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் பேச்சு அங்கேயே முடிந்துபோகும். "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பொடி மணலில் புனல் போலக் குழி. ஓர் எறும்பு விளிம்பில் கால் வைத்ததும் மணல் சரிகிறது. அடியில் ஒளிந்திருக்கும் ஏதோ ஒன்று மணலை வாரி மேலே எறிகிறது. இதைக் கண்ணால் பார்த்த குழந்தைக்குப் பெயரை அப்புறம் சொன்னால் போதும். அது வளர்ந்து தட்டான் போல இறக்கை முளைத்துப் பறக்கும் என்றும் சொல்லுங்கள், கேள்விகள் மறுபடி கிளம்பும். அட்டவணைப்படி அடுத்தது குளமாக இருக்கலாம். குளம் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

விடை தெரியாதபோது ஊகித்துச் சொல்லாதீர்கள். "எனக்கும் தெரியல, தேடிப் பார்ப்போமா?" என்பது முழுமையான பதில்.

தொடுவதில் நடக்கும் தவறுகள்தான் எனக்கு அதிகம் வலிக்கும். தவளையின் தோல் வெறும் போர்வை இல்லை. அது தோல் வழியாகவே நீரை உறிஞ்சுகிறது, மூச்சும் விடுகிறது. சன்ஸ்கிரீனோ கொசு விரட்டியோ பூசிய கையால் பிடித்தால் அந்த மருந்தும் அதன் உடலுக்குள் போகும். பார்த்தாலே போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தரையில் தத்தித் தத்திப் போகும், இறகு முளைத்த பறவைக் குஞ்சைக் கண்டதும் "பாவம், அம்மாவைக் காணோம்" என்று குழந்தைகள் தூக்கப் போவார்கள். பெரும்பாலும் அது பறக்கப் பழகிக்கொண்டிருக்கும், தாய் பக்கத்திலேயே இருக்கும். நாம் விலகினால்தான் அது இரையோடு வரும். எல்லோரையும் பின்னுக்கு அழைத்துவந்து, பூங்கா ஊழியரிடம் சொல்லுங்கள்.

விழுந்து கிடக்கும் கட்டையைப் புரட்டும்போது குழந்தைகள் உங்கள் பின்னால் நிற்கட்டும். கட்டையின் எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து, கட்டையை உங்களை நோக்கிச் சாய்த்துப் புரட்டுங்கள். உள்ளே பாம்போ தேளோ இருந்தால் அந்தப் பக்கமாக ஓடிவிடும். பார்த்து முடித்ததும் அப்படியே விட்டுவிட்டு நடப்பதும் தவறு. மரவட்டைக்கும் மண்புழுவுக்கும் அந்த ஈரம்தான் வீடு. அவற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு, கட்டையை முன்பு இருந்தபடியே மெல்ல வையுங்கள். அவை தானாக உள்ளே போய்க்கொள்ளும்.

தலை எண்ணுவதைக் காலையில் ஒருமுறை செய்தால் போதாது. ஒவ்வோர் இடத்தை விட்டுக் கிளம்பும்போதும், கழிப்பறையிலிருந்து திரும்பியதும் எண்ணுங்கள். வரிசையின் கடைசியில் பெரியவர் ஒருவர் வர வேண்டும். குளக்கரையில் இரண்டு பேர் வேலையில் இருந்தால், "அவர் பார்த்துக்கொள்வார்" என்று இருவருமே நினைத்துவிடுவது மிக ஆபத்தானது. "தண்ணீரை நான் பார்க்கிறேன்" என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். யாருக்கு எந்த ஒவ்வாமை, தேனீ கொட்டினால் கொடுக்க வேண்டிய மருந்து யார் பையில் இருக்கிறது என்பதும் கிளம்பும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு சின்ன விஷயம். பேசும்போது வெயில் உங்கள் முகத்தில் விழும்படி நில்லுங்கள். குழந்தைகளுக்குக் கண் கூசினால் காதும் கேட்காது.

பயப்படும் குழந்தையைத் தொடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், மற்றவர்கள் சிரிக்கவும் விடாதீர்கள். சிலந்தியைக் கண்டதும் குழந்தைகள் முதலில் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் பின்வாங்கினால் அவர்களும் பின்வாங்குவார்கள். பயந்த குழந்தை நாலடி தள்ளி நின்றே பார்க்கட்டும். பெரும்பாலும் மூன்றாவது நாள் அது தானாகவே ஓரடி முன்னால் வந்து, "எத்தனை கால் இருக்கு?" என்று கேட்கும். அப்போதும் நீங்களே எண்ணிச் சொல்லிவிடாதீர்கள்.