ஒருநாள் மலையேற்றத்துக்கு இடுப்புப் பை: தண்ணீர்க் கணக்கில் தொடங்கி வாங்குங்கள்

கடலூர், புதுச்சேரிக்காரர்கள் மலை ஏற வேண்டும் என்றால் முதலில் பஸ் ஏற வேண்டும். பக்கத்தில் இருப்பது கேப்பர் மலைச் செம்மண் மேடும் திருவந்திபுரத்து ஔஷதகிரியும்தான். கொஞ்சம் மூச்சு வாங்க ஏறிப் பார்க்க ஆசைப்பட்டால் புதுச்சேரியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் செஞ்சி. திருவண்ணாமலை பஸ் பிடித்தால் கோட்டை வாசலிலேயே இறங்கலாம். காலையில் போய் மாலையில் வீடு திரும்பிவிடலாம். இப்படிப் போய்வர முதுகில் ஒரு மூட்டை எதற்கு என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பதிவு.

இடுப்புப் பை என்று இங்கே சொல்வது போனும் பர்சும் வைத்து வயிற்றுப் பக்கம் கட்டும் சின்ன பவுச்சை அல்ல. இது கீழ்முதுகில் படிந்து உட்காரும் பை. 5 லிட்டரிலிருந்து 12, 13 லிட்டர் வரை பொருள் கொள்ளும். இரண்டு பக்கமும் பாட்டில் செருக இடம் இருக்கும். சந்தையில் வியாபாரிகள் கட்டியிருக்கும் அகலமான பச்சை பெல்ட்டைப் பார்த்திருப்பீர்கள். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தாலும் அது இடுப்பை விட்டு நகராது. நாம் வாங்கப்போகும் பையிலும் அந்தக் குணம்தான் வேண்டும்.

முதுகுப் பையை விட்டு இதற்கு ஏன் வர வேண்டும்? வியர்வைதான் காரணம். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை லேசில் காயாது. அதன்மேல் முதுகு முழுக்க மூடும் பையையும் மாட்டினால் அரை மணி நேரத்தில் சட்டையைப் பிழியலாம். இடுப்புப் பை கீழே ஒரு பட்டை அளவுதான் மூடும். தோளும் மேல்முதுகும் காற்றாடக் கிடக்கும். செஞ்சி மாதிரி ஏற்றத்தாழ்வான கல்படிகளில் பாரம் இடுப்போடு இருப்பது தடுமாற்றத்தையும் குறைக்கும்.

ஆனால் இது எல்லாருக்குமான பை அல்ல. டிஸ்க் தொந்தரவோ கீழ்முதுகு வலியோ இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பாரம் முழுக்க அந்த இடத்தில்தான் உட்காரும்.

படி 1: தண்ணீர்க் கணக்கு போடுங்கள்

கடைக்குப் போனதும் பெரும்பாலோர் கேட்பது எத்தனை லிட்டர் பை, எத்தனை ஜிப் என்றுதான். என்னைக் கேட்டால் முதல் கேள்வி தண்ணீர் எவ்வளவு என்பது. நம் பக்கத்து வெயிலில் மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையையே எடுத்துக்கொள்வோம். சுமார் 800 அடி உயரம். ஏறி, கோட்டையைச் சுற்றிப் பார்த்து, இறங்க 3 மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். மேலே கடை எதுவும் கிடையாது. நிதானமாக நடக்கும் ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டர் என்பது பொதுவான கணக்கு. வெயில் ஏற ஏற அது மணிக்கு ஒரு லிட்டர் வரை போகும். ஆகவே ஆளுக்கு 2 லிட்டர் இருந்தால்தான் நிம்மதி. (அக்னி நட்சத்திரத்தில் போகலாமா என்று கேட்காதீர்கள். போக வேண்டாம்.)

2 லிட்டர் தண்ணீர் என்றால் 2 கிலோ. இந்த இடத்தில்தான் பை தேர்வு பாதி முடிகிறது. இடுப்புப் பைகளில் நிறைய மாடல்கள் 500, 600 எம்எல் பாட்டில் இரண்டுக்குத்தான் இடம் தருகின்றன. ஆஸ்ப்ரே டாலன் 6 என்ற பிரபலமான பை 6 லிட்டர் கொள்ளும். கூட வருவது 570 எம்எல் பாட்டில் இரண்டு. மொத்தத் தண்ணீர் ஒரு லிட்டரைச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவுதான். மீதி ஒரு லிட்டரைப் பைக்குள் படுக்க வைத்தால் 6 லிட்டர் இடம் 5 ஆகிவிடும். அதனால் பக்கவாட்டில் 1 லிட்டர் பாட்டில் இரண்டு நிற்கும் பையைத் தேடுங்கள், இல்லையென்றால் உள்ளே இடம் தாராளமாக உள்ள பையாகப் பாருங்கள்.

தண்ணீரும் சாமானும் சேர்ந்து 4 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் கோடு. அதற்கு மேல் போனால் பெல்ட் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். நீங்கள் இறுக்கிக்கொண்டே இருப்பீர்கள். 3 லிட்டர் தண்ணீர் தேவைப்படும் நடையா, இரவு தங்கலா, சின்னப் பிள்ளையின் சாமானும் சேர்த்துத் தூக்க வேண்டுமா? அப்போது முதுகுப் பைதான், பேச்சே இல்லை.

படி 2: சாமானை மஞ்சப்பையில் போடுங்கள்

கொண்டுபோகப் போகும் பொருள்களை வீட்டிலேயே தரையில் பரப்புங்கள். மெல்லிய மழைக்கோட்டு, துண்டு, தொப்பி, சின்ன டார்ச், பேண்டேஜும் வலி மாத்திரையும் போட்ட ஒரு கவர், ஓஆர்எஸ் பொட்டலம், பவர் பேங்க், அடையாள அட்டை, சில்லறை, குப்பை போட ஒரு கவர். தின்பதற்குக் கடலை மிட்டாய், இரண்டு கமலா ஆரஞ்சு, பக்கத்திலேயே விளைகிற பண்ருட்டி முந்திரி ஒரு கைப்பிடி. ஓஆர்எஸ் பொட்டலத்தில் 1 லிட்டருக்கு என்று போட்டிருந்தால் 1 லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பொட்டலத்தையும் கொட்டாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடை பாருங்கள். ஒன்றரை கிலோவுக்குள் அடங்கினால் நல்லது. அப்புறம் அந்த மஞ்சப்பையை அப்படியே கடைக்கு எடுத்துப் போங்கள், தண்ணீர் நிரப்பிய பாட்டில்களோடு. 'எத்தனை லிட்டர்' என்று கம்பெனிகள் அச்சிடும் எண் ஆளுக்கு ஒரு மாதிரி அளந்தது. உங்கள் சாமான் உள்ளே போய் ஜிப் சிரமமில்லாமல் மூடுகிறதா என்பதுதான் உண்மையான அளவு.

படி 3: இடுப்பெலும்பைக் கண்டுபிடியுங்கள்

கையை இடுப்பில் வைத்து விலாவிலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். பக்கவாட்டில் கட்டையாக ஒரு எலும்பு மேடு தட்டுப்படும். பெல்ட்டின் மேல் பாதி அந்த மேட்டைத் தழுவி உட்கார வேண்டும். பேண்ட் அணிவது பொதுவாக அதற்குக் கீழே. அதனால் '34 சைஸ்' என்று பேண்ட் அளவைச் சொல்லிப் பை வாங்கினால் சரிவராது. தையல் டேப்பால் எலும்பு மேட்டைச் சுற்றி, போட்டிருக்கும் சட்டைக்கு மேலேயே அளந்துகொள்ளுங்கள்.

பெல்ட்டை மாட்டிப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது, பக்கவாட்டில் வரும் பஞ்சு வைத்த இரண்டு இறக்கைகள். இறுக்கிய பிறகு அவற்றின் முனைகளுக்கு நடுவே, வயிற்றுப் பக்கம், ஒரு உள்ளங்கை அகலமாவது இடைவெளி வேண்டும். ஒல்லியானவர்களுக்கு இரண்டு இறக்கையும் முன்னால் முட்டிக்கொள்ளும். முட்டிவிட்டால் வாரை எவ்வளவு இழுத்தாலும் பை இறுகாது. அந்தப் பையை வைத்துவிட்டு வேறு பாருங்கள்.

தொப்பை உள்ளவர்களுக்கு வேறு சிக்கல். பெல்ட்டை வயிற்றின் நடுவே கட்டினால் பத்து அடியில் சரியும். பின்னால் கீழ்முதுகில் சற்று உயரமாகவும், முன்னால் தொப்பைக்குக் கீழேயும் சாய்வாக ஓட விடுங்கள். வார் அதற்குப் போதுமான நீளம் இருக்கிறதா என்று பாருங்கள். சுடிதார் அணிந்து நடப்பவர்கள் துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிடுவது உத்தமம். டாப் பெல்ட்டுக்கு அடியில் மடிப்பு மடிப்பாகச் சுருண்டால் அந்த இடம் உராய்ந்து சிவந்துவிடும், கட்டியதும் துணியைக் கீழே இழுத்துச் சமன் செய்யுங்கள்.

படி 4: கடையில் குதியுங்கள்

வெட்கப்படாதீர்கள். புதுச்சேரி நேரு வீதிக் கடையானாலும் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டானாலும், பாரம் ஏற்றாமல் பையை மாட்டிப் பார்த்து வாங்குவதில் பயனில்லை. காலிப் பை எல்லாருக்கும் பொருந்தும்.

சாமானையும் நிரம்பிய பாட்டில்களையும் வைத்து மாட்டுங்கள். முதலில் பெல்ட்டை இறுக்குங்கள். அப்புறம் பையின் இரண்டு பக்கமும் மேல் விளிம்பிலிருந்து பெல்ட்டுக்கு வரும் சின்ன வார்களை இழுங்கள். இந்த வார்கள்தான் பையின் வாயை முதுகோடு சேர்த்துப் பிடிப்பவை. இவை இல்லாத பையில் பாரம் பின்பக்கம் தொங்கி, ஒவ்வொரு அடிக்கும் 'தொப் தொப்' என்று பின்புறத்தில் அடிக்கும். விலை மலிவான பைகளில் கம்பெனிக்காரர்கள் முதலில் வெட்டுவது இந்த இரண்டு வாரைத்தான். வேறு எதில் சமரசம் செய்தாலும் இதில் செய்யாதீர்கள்.

இப்போது இரண்டு முறை குதியுங்கள். குனிந்து ஷூ லேசைத் தொடுங்கள். கடையில் மாடிப்படி இருந்தால் ஏறி இறங்குங்கள். கையை வீசி நடக்கும்போது முழங்கை பாட்டிலில் இடிக்கிறதா? இடித்தால் மலையில் ஆயிரம் முறை இடிக்கும். பாட்டிலைத் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையால் உருவி, அதே கையால் திரும்பச் செருக முடிகிறதா? நேராக நிற்கும் உறையைவிட முன்பக்கம் சற்றுச் சாய்ந்த உறை இதற்கு வசதி. உறையின் வாயில் இழுத்து மாட்டும் எலாஸ்டிக் இருக்கட்டும். இல்லாவிட்டால் குனிந்த நேரத்தில் பாட்டில் உங்களுக்கு முன்னாலேயே படியிறங்கிவிடும்.

பாட்டிலுக்குப் பதில் குழாய் வைத்த தண்ணீர்ப்பை போடும் மாடல்களும் உண்டு. ஆட்டம் குறைவு, உண்மைதான். ஆனால் எவ்வளவு மிச்சம் என்று கண்ணுக்குத் தெரியாது. நம் ஈரக்காற்றில் அந்தக் குழாயைக் கழுவிக் காய வைப்பது தனி வேலை. முதல் பைக்குப் பாட்டிலே போதும்.

படி 5: தையல், பக்கிள், துணி

இதற்கு அதிக நேரம் வேண்டாம். முதுகில் படும் பஞ்சைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். விட்டதும் எழும்ப வேண்டும், குழி அப்படியே நின்றால் பஞ்சு சீக்கிரம் செத்துவிடும். அதன்மேல் காற்றுப் போகும் வலைத்துணி இருக்கட்டும். பெல்ட்டும் பையும் சேரும் இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக அடர்த்தியாகத் தைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், ஒற்றை ஓட்டுத் தையல் வேண்டாம். துணியில் டெனியர் என்பது நூலின் தடிமனைச் சொல்லும் எண்: 210 டெனியர் நைலான் என்றால் லேசானது, 420 டெனியர் கூடுதல் உழைக்கும். பாறையில் உரசி உட்காரும் பழக்கம் இருந்தால் இரண்டாவதைப் பாருங்கள்.

பக்கிளைப் பத்து முறை மாட்டிக் கழற்றுங்கள், 'டக்' என்ற சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். அது வாரோடு சேர்த்துத் தைத்ததா, வாரை உருவிக் கழற்றக்கூடியதா என்பதையும் பாருங்கள். உருவக்கூடியது என்றால் உடைந்தால் பை ரிப்பேர்க் கடையில் நிமிஷத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

'வாட்டர்ப்ரூஃப்' என்ற அட்டையை நம்பி ஐப்பசி, கார்த்திகை மழையில் நிற்காதீர்கள். துணி தாங்கினாலும் ஜிப் வழியாகவும் தையல் வழியாகவும் தண்ணீர் புகும். போனையும் பணத்தையும் உள்ளே ஒரு ஜிப் கவரில் போட்டால் போதும்.

தோள்வார் மாட்டும் வளையம் இருந்தால் அது ஒரு கூடுதல் நன்மை. மவுண்டன்ஸ்மித் என்ற அமெரிக்கக் கம்பெனி தன் இடுப்புப் பைகளுக்கு இப்படி ஒரு ஜோடி தோள்வாரைத் தனியாகவே விற்கிறது. பாரம் கூடும் நாளில் தோளும் கொஞ்சம் பங்கெடுத்துக்கொள்ளும்.

படி 6: அடுக்கும் விதம்

கனமானது முதுகை ஒட்டி, லேசானது வெளிப்பக்கம். பவர் பேங்க், ஆரஞ்சு உள்ளே. மழைக்கோட்டும் துண்டும் வெளியே. இடம் வலம் எடை சமமாக இருக்க வேண்டும். தண்ணீரை ஒரே பாட்டிலில் குடித்துத் தீர்க்காமல் மாற்றி மாற்றிக் குடியுங்கள். இல்லையென்றால் பை ஒரு பக்கம் திரும்பிக்கொண்டே வரும்.

செஞ்சிக்குத் தனியாக ஒரு குறிப்பு. குரங்குகள். அங்கே தின்பண்டக் கவரின் சரசரப்புக்கே அவை வந்துவிடும், ஜிப் உங்கள் முதுகுப் பக்கம் இருப்பது அவற்றுக்கு வசதி. குரங்குகள் கூடியிருக்கும் இடத்தில் பெல்ட்டைச் சற்றுத் தளர்த்திப் பையை முன்பக்கம் திருப்பிக்கொண்டு நடங்கள். கடலை மிட்டாயைத் துண்டுக்குள் சுருட்டி அடியில் வையுங்கள். உச்சிக்கு முன்னால் பள்ளத்தைத் தாண்டும் சின்னப் பாலத்திலும் குறுகலான படிகளிலும், எதிரே வருபவர்களை இடிக்காமல் விலக இந்தப் பை நல்லது. 2025இல் மராட்டியக் கோட்டைகளின் தொகுப்பில் ஒன்றாக செஞ்சியும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. விடுமுறை நாள்களில் கூட்டத்தை எதிர்பார்த்தே போங்கள்.

படி 7: ஊரிலேயே ஒத்திகை

வாங்கிய கையோடு மலைக்குப் போக வேண்டாம். முழுப் பாரத்தோடு ஒரு மணி நேரம் ஊரில் நடந்து பாருங்கள். புதுச்சேரியில் இருப்பவர்களுக்குக் கடற்கரைச் சாலை. மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள், நிம்மதியாக நடக்கலாம். கடலூரில் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் நடந்தால் கால் புதையப் புதைய இடுப்பு ஆடும். பையின் ஆட்டம் அங்கே நன்றாகத் தெரியும். படி ஏறிப் பார்க்க ஔஷதகிரி. வீட்டுக்கு வந்து பெல்ட்டைக் கழற்றி எலும்பு மேட்டின் மேல் தோலைப் பாருங்கள். லேசான சிவப்பு கொஞ்ச நேரத்தில் மறைந்தால் கவலையில்லை. வலித்தாலோ தொடை மரத்தாலோ பெல்ட் அளவுக்கு மீறி இறுகுகிறது, அல்லது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. பில்லைப் பத்திரமாக வைத்திருந்தால் மாற்றிக் கேட்கலாம்.

ஒவ்வொரு நடைக்குப் பிறகும் பையைக் காலி செய்து, வியர்வை உப்புப் போகச் சாதாரணத் தண்ணீரில் அலசி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். வாஷிங் மெஷின் வேண்டாம், சோப்புத் தூளும் வேண்டாம். கடற்காற்றில் ஜிப்பின் ஸ்லைடர் சீக்கிரம் இறுகும். அப்போது பல்லைக் கடித்து இழுக்காமல், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் உப்பைத் தேய்த்தெடுத்து, மெழுகுவர்த்தித் துண்டால் ஜிப்பின் மேல் இரண்டு முறை இழுத்துவிட்டு, மெதுவாகத் திறந்து மூடுங்கள்.