கோ 4 புல்லில் ஏன் விதை பிடிப்பதில்லை? மைக்ரோஸ்கோப்பில் நீங்களே பார்க்கலாம்

மாடு வைத்திருப்பவர்களுக்குக் கோ 4 புல்லை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கம்பையும் நேப்பியர் என்ற தீவனப்புல்லையும் கலந்து கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஒட்டுப்புல். வெட்ட வெட்டத் தழையும். ஆனால் புதிதாக நட வேண்டுமென்றால் யாரிடமாவது கரணை கேட்டு வாங்கித்தான் ஆக வேண்டும். அறுக்காமல் விட்டால் கதிர் தள்ளும். உருவிப் பார்த்தால் வெறும் உமிதான்.

காரணம், மகரந்தம் உருவாகும்போது குரோமோசோம்கள் பிரியும் விதத்தில் இருக்கிறது. அதைக் கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் சாதாரண மைக்ரோஸ்கோப்பிலேயே பார்த்துவிடலாம். ஒப்பிட்டுப் பார்க்கக் கம்பும் வேண்டும். கம்புக்குக் குரோமோசோம் 14 தான். ஓரளவு பெரியவை, எண்ணச் சுலபம். முதல்முறை செய்பவர்கள் நெல்லில் ஆரம்பிக்காதீர்கள், அதில் குரோமோசோம்கள் மிகச் சிறியவை.

தேவையானவை

10, 40 மடங்கு லென்ஸ் உள்ள மைக்ரோஸ்கோப், கண்ணாடி ஸ்லைடு, கவர்ஸ்லிப், இரண்டு ஊசிகள், ஸ்பிரிட் விளக்கு, மை உறிஞ்சும் தாள், ஆல்கஹால், கிளேசியல் அசிட்டிக் அமிலம், 1 சதவீத அசிட்டோகார்மைன் சாயம், அயோடின் கரைசல். அசிட்டிக் அமிலம் தோலைச் சுட்டுவிடும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சாயத்தைத் தயாராகவே வாங்கிவிடுவது நல்லது.

ஊசிகளில் ஒன்று கொஞ்சம் துருப்பிடித்ததாக இருக்கட்டும். விளையாட்டாகச் சொல்லவில்லை. இரும்பு சிறிதளவு சேர்ந்தால் குரோமோசோம்களில் கார்மைன் சாயம் நன்றாக ஏறும். அளவு மீறினால் எல்லாமே கறுத்துப்போகும்.

படி 1: சரியான கதிரைப் பிடிப்பது

பாதிப் பேர் தோற்பது இங்கேதான். நானும் முதல் மூன்று முறை தோற்றேன். அழகாக வெளியே வந்த கதிரைப் பறித்துப் போய்ப் பார்த்தால், முழுக்க முழுக்க முதிர்ந்த மகரந்தம். குரோமோசோம்கள் பிரியும் கட்டம் எப்போதோ முடிந்திருந்தது.

கதிர், கண்ணாடி இலையின் (கதிருக்குக் கீழே உள்ள கடைசி இலை) உறைக்குள் பொதியாக உப்பியிருக்கும்போதோ, நுனி மட்டும் எட்டிப் பார்க்கும்போதோ எடுக்க வேண்டும். காலை வேளை நல்லது. ஒரே கதிரிலேயே பூக்கள் வெவ்வேறு நிலையில் இருக்கும். நுனிக்குச் சற்றுக் கீழே உள்ளவை முந்திக்கொள்ளும், அடியில் இருப்பவை பின்தங்கும். அதனால் கதிரைத் துண்டுகளாக வெட்டி, எது எந்த இடம் என்று குறித்து வையுங்கள். புல்லுக்கும் இதே முறைதான். பகல் பொழுது குறையும் மாதங்களில், அறுக்காமல் விட்ட புதரில் தேடுங்கள்.

படி 2: நிலைநிறுத்துதல்

செல்களை இருந்த நிலையிலேயே நிறுத்தி வைக்கும் கரைசல் இது: 3 பங்கு ஆல்கஹால், 1 பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலம். இரண்டையும் அப்போதைக்கு அப்போது கலந்து, பறித்த உடனே துண்டுகளை அதில் போடுங்கள். 24 மணி நேரம் கழித்து 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் அவசரமில்லாமல் பார்க்கலாம்.

படி 3: நசுக்கிப் பார்ப்பது

ஒரு பூவைப் பிரித்தால் மூன்று மகரந்தப்பைகள் இருக்கும். கம்பில் ஒவ்வொன்றின் நுனியிலும் குட்டித் தூரிகை மாதிரி மயிர்க்கற்றை தெரியும். மஞ்சளாகிவிட்ட பையை ஒதுக்குங்கள். வெளிறி, கண்ணாடி போல இருப்பதே வேண்டும். முதலில் ஒன்றை மட்டும் நசுக்கிப் பாருங்கள். ஒரே பூவின் மூன்றும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கும் என்பதால், முதலாவது சரியான கட்டத்தில் இருந்தால் மற்ற இரண்டையும் நிதானமாகச் செய்யலாம்.

ஸ்லைடில் ஒரு சொட்டுச் சாயம். அதில் பையை வைத்து ஊசியால் வெட்டி, தட்டி, செல்களை வெளியே வரவையுங்கள். தோல் துணுக்குகளைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள், அவை கிடந்தால் கவர்ஸ்லிப் சமமாக உட்காராது. மூடி, விளக்குக்கு மேலே இரண்டு மூன்று முறை காட்டுங்கள். புறங்கையில் தொட்டால் இளஞ்சூடு தெரிய வேண்டும், கொதிக்கக் கூடாது. அப்புறம் உறிஞ்சு தாளுக்கு இடையே வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். விரல் பக்கவாட்டில் நழுவினால் செல்கள் உருண்டு திரண்டுவிடும். அந்த ஸ்லைடைக் கழுவிவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டியதுதான்.

படி 4: என்ன தெரியும்?

கம்பில் டயாகைனசிஸ் கட்டம் (குரோமோசோம்கள் பிரியும் முன் நன்றாகச் சுருங்கித் தெளிவாகத் தெரியும் நிலை) கிடைத்தால் யோகம். 14 குரோமோசோம்களும் இரண்டிரண்டாகச் சேர்ந்து, 7 ஜோடிகளாகத் தனித்தனியே நிற்கும். பைவாலண்ட் என்பது இதுதான். அடுத்து மெட்டாபேஸில் நடுவே வரிசை கட்டும், அனாபேஸில் 7க்கு 7 எனப் பிரியும். கடைசியில் நான்கு செல்கள் ஒரே அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இப்போது புல்லை வையுங்கள். நேப்பியருக்குக் குரோமோசோம் 28. கம்பிலிருந்து 7, நேப்பியரிலிருந்து 14, ஆக ஒட்டுப்புல்லுக்கு 21. கம்பின் 7க்கு நேப்பியரின் 14ல் ஒரு பாதி தூரத்துச் சொந்தம். பெரும்பாலும் ஜோடி சேர்ந்துவிடும். மற்ற 7க்கு ஆள் இல்லை. அவை மெட்டாபேஸில் வரிசைக்கு வராமல் அங்கங்கே தனியாகக் கிடப்பதைப் பார்க்கலாம். அனாபேஸில் மற்றவை இரு துருவங்களுக்கும் போன பிறகும் சில நடுவழியில் பின்தங்கி நிற்கும். எல்லாச் செல்லிலும் சரியாக 7 ஜோடி, 7 தனி என்று எதிர்பார்க்காதீர்கள். செல்லுக்குச் செல் மாறும். குறைந்தது 25 செல்களையாவது எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

தனியாக நிற்கும் ஏழும் தம் போக்கில் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகின்றன என்று வையுங்கள். ஏழும் சேர்ந்து ஒரே பக்கம் போனால்தான் மகரந்தத்துக்குக் குரோமோசோம் கணக்குச் சரியாக வரும். 7 நாணயங்களைச் சுண்டிவிட்டு, எல்லாமே தலையாகவோ எல்லாமே பூவாகவோ விழ வேண்டும் என்று கேட்பது மாதிரிதான் இது: 64ல் 1 வாய்ப்பு. நடுவழியில் தொலைபவற்றையும் சேர்த்தால் இன்னும் மோசம். அப்படித் தொலைந்தவை, பிரிவு முடிந்த செல்களில் நுண்ணுட்கருவாக, சின்னப் புள்ளியாகத் தெரியும்.

படி 5: மகரந்தத்தை எண்ணுவது

இதற்கு முதிர்ந்த, ஆனால் இன்னும் வெடிக்காத மகரந்தப்பை வேண்டும். கம்பில் முதலில் சூலகமுடி வெளியே வரும், மகரந்தப்பைகள் இரண்டு மூன்று நாள் பிந்தும்; அதை வைத்து நாளைக் கணித்துக்கொள்ளலாம்.

1 கிராம் அயோடின், 2 கிராம் பொட்டாசியம் அயோடைடு, 100 மில்லி தண்ணீர். இதில் ஒரு சொட்டு விட்டு மகரந்தத்தை உதிர்த்து, ஐந்து நிமிடம் விடுங்கள். கம்பு மகரந்தத்தில் மாவுச்சத்து நிறைந்திருப்பதால் நல்லவை உருண்டையாக, கருநீலமாக மாறும். மலட்டு மகரந்தம் சுருங்கி, நிறமே ஏறாமல் கிடக்கும். அரைகுறையாக ஏறியதை மலட்டுக் கணக்கிலேயே சேருங்கள். ஸ்லைடின் வெவ்வேறு இடங்களில் மொத்தம் 300 எண்ணுங்கள். 282 கறுத்திருந்தால் 94 சதவீதம். ஒட்டுப்புல்லில் கறுத்ததைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. நிறம் ஏறிய மகரந்தம் எல்லாம் முளைக்கும் என்று அர்த்தமில்லை. உயிருள்ளதா என்று தெரிய, சர்க்கரையும் போரிக் அமிலமும் சேர்ந்த கரைசலில் முளைக்கவிட்டுப் பார்க்க வேண்டும். அது தனிப் பாடம்.

வெற்று மகரந்தத்தைப் பார்த்ததும் தீர்ப்புச் சொல்லாதீர்கள்

மகரந்தம் மட்டும் எண்ணிவிட்டு "குரோமோசோம் கோளாறு" என்று எழுதிவிடுவதைப் பல செய்முறை ஏடுகளில் பார்க்கலாம். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் டிப்டன் என்ற ஊரில் கிளென் பர்ட்டன் உருவாக்கிய டிப்ட் 23ஏ என்ற கம்பு ஆண்மலடு. மகரந்தம் வெறும் சக்கைதான். ஆனால் அதில் குரோமோசோம்கள் ஒழுங்காக 7 ஜோடியாகவே நிற்கும். மலட்டுத்தன்மை, உட்கருவுக்கு வெளியே இருக்கும் சைட்டோபிளாசத்திலிருந்து வருகிறது. அந்த மலட்டைத் தாயாக வைத்துத்தான் 1965ல் பஞ்சாபில் தில்பாக் சிங் அத்வால் எச்பி 1 என்ற வீரிய ஒட்டுக் கம்பைக் கொண்டுவந்தார். ஆக, ஒட்டுப்புல், டிப்ட் 23ஏ இரண்டிலும் படி 5ன் விடை ஒன்று, படி 4ன் விடை வேறு. ஸ்லைடு சரியாக வரவில்லை என்று நான்காம் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

புல்லின் கதை 21லேயே நின்றுவிடவில்லை. கோல்சிசின் என்ற வேதிப்பொருளைக் கொடுத்துக் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கி 42 ஆக்கியிருக்கிறார்கள். தனித்து நின்ற ஏழுக்கும் அப்போது துணை கிடைத்தது. மகரந்தம் நிரம்பியது, விதையும் பிடித்தது.