ஸ்லைடு கிட்டார்: அழுத்தாமல் வாசிக்கும் ப்ளூஸ்

ஸ்லைடு, அதாவது விரலில் மாட்டும் கண்ணாடி அல்லது உலோகக் குழாய், விரலில் ஏறியதும் கை தானாகவே கம்பியை ஃப்ரெட் (கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) வரை அழுத்தும். பழக்கதோஷம். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் 'டக்' என்று ஃப்ரெட்டில் இடிக்கும். ஸ்லைடு கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். கம்பி கீழே வளையவே கூடாது. தொடுதல் ரொம்ப லேசானால் கரகரவென்று இழுக்கும். சரியான எடை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது, அதைக் கைதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த இடம் கிடைக்கக் கிட்டாரும் ஒத்துழைக்க வேண்டும். அகூஸ்டிக்கில் முதல் கம்பி (மிக மெல்லியது) 0.013 அங்குலம், எலெக்ட்ரிக்கில் குறைந்தது 0.011 போடுங்கள். 12-ஆவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே 2.5 முதல் 3 மி.மீ. இருந்தால் வசதி. இருக்கும் ஒரே கிட்டாரை மாற்ற மனமில்லையென்றால், நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பட்டை) மேல் செருகிக் கம்பிகளை உயர்த்தும் எக்ஸ்டென்ஷன் நட் ஒன்று போதும். கழற்றினால் எல்லாம் பழையபடி.

ஸ்லைடில் கண்ணாடி மென்மையாகப் பேசும், பித்தளை உரக்கப் பேசும். எதுவானாலும் கையைத் தொங்கவிட்டால் கழன்று விழக் கூடாது. அமெரிக்க கிட்டார் கலைஞர் டுவான் ஆல்மன் காலி மருந்து பாட்டிலை மோதிர விரலில் மாட்டி வாசித்தார். தொடங்குபவர்களுக்குச் சுண்டுவிரலே நல்லது. மற்ற மூன்று விரல்களுக்கும் வேலை இருக்கிறது.

ட்யூனிங்குக்கு ஓப்பன் ஜி: எதையும் தொடாமல் எல்லாக் கம்பிகளையும் மீட்டினாலே ஜி கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு) கேட்கும். தடித்த கம்பியிலிருந்து வரிசையாக டி, ஜி, டி, ஜி, பி, டி. வழக்கமான ட்யூனிங்கில் 6, 5, 1 ஆகிய மூன்று கம்பிகளை மட்டும் இரண்டு ஃப்ரெட் அளவு இறக்கினால் வந்துவிடும். ஓப்பன் ஈ-க்கு மூன்று கம்பிகளை ஏற்ற வேண்டியிருக்கும். தடித்த கம்பி போட்ட அகூஸ்டிக்கில் அந்த இழுவிசை வேண்டாம். அதே அமைப்பை இரண்டு ஃப்ரெட் இறக்கி ஓப்பன் டி வையுங்கள்.

இனி சுருதி. சாதாரணமாக வாசிக்கும்போது ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் விரல் வைப்போம். ஸ்லைடு அப்படியில்லை, ஃப்ரெட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். பின்னால் நின்றால் ஸ்வரம் இறங்கிப் போகும். மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் கண்ணுக்கு ஸ்லைடு சரியான இடத்தில் இருப்பதுபோலத்தான் தெரியும், நம்பாதீர்கள். 12-ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே கம்பியை விரலால் லேசாகத் தொட்டு மீட்டி, ஹார்மோனிக் எழுப்பிக் கேளுங்கள். பிறகு அங்கேயே ஸ்லைடை வைத்து மீட்டுங்கள். இரண்டும் ஒரே ஸ்வரம். சேரவில்லையென்றால் காது சொல்லும் பக்கம் நகருங்கள். ஸ்லைடு ஃப்ரெட்டுக்கு இணையாக இல்லாமல் கோணினால் ஒரு கம்பி ஏறியும் இன்னொன்று இறங்கியும் ஒலிக்கும்.

ஸ்லைடு வாசிப்பில் பாதி வேலை, ஒலிக்க வேண்டாததை அடக்குவது. ஸ்லைடுக்கும் நட்டுக்கும் இடையே உள்ள கம்பித் துண்டும் அதிர்ந்து தனியாக ஒரு ஸ்வரம் போடும். பலர் 'ஏதோ இரைச்சல்' என்று ஆம்ப்ளிஃபையரைக் குறை சொல்வது இதைத்தான். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஸ்லைடுக்குப் பின்னால் கம்பிகள் மேல் லேசாகப் படுக்கப் போடுங்கள். வலது கையில் பிக் (மீட்டும் சில்லு) வேண்டாம். கட்டைவிரல் 4-ஆம் கம்பியிலும், ஆள்காட்டி 3-இலும், நடுவிரல் 2-இலும், மோதிர விரல் 1-இலும் ஓய்ந்திருக்கட்டும். 5, 6 கம்பிகளை உள்ளங்கை ஓரம் பார்த்துக்கொள்ளும். முதல் கம்பியை மோதிர விரல் மீட்டும்போது மற்றவை அசையக் கூடாது. இரண்டாம் கம்பிக்கு மாறும்போது நடுவிரல் மீட்டும் அதே கணத்தில் மோதிர விரல் திரும்பிவந்து முதல் கம்பியை அடைக்க வேண்டும். இந்த ஒரு மாற்றத்தையே பல நாட்கள் சாதகம் செய்யலாம், அலுப்பாகத்தான் இருக்கும்.

மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில், முதல் கம்பியில், 10-ஆவது ஃப்ரெட்டிலிருந்து 12-க்கு ஒரு தட்டில் ஏறுங்கள். அடுத்த ஒரு தட்டு ஆடாமல் நில்லுங்கள். பிறகுதான் விப்ரேட்டோ, அதாவது ஸ்லைடை முன்னும் பின்னும் ஆட்டுவது. மணிக்கட்டிலிருந்து, ஃப்ரெட்டின் இரு பக்கமும் சம அளவு, தட்டுக்கு மூன்று ஆட்டம். சேர்ந்தவுடனேயே நடுங்க ஆரம்பிப்பவர்கள் சுருதி பிசகுவதை மறைக்கிறார்கள் என்று அர்த்தம்.

ப்ளூஸின் உயிர் காந்தாரத்தில் இருக்கிறது. ஜி-யை ஸட்ஜமாகக் கொண்டால் முதல் கம்பியில் 8-ஆவது ஃப்ரெட் சாதாரண காந்தாரம், 9-ஆவது அந்தர காந்தாரம். ப்ளூஸ் பாடகர் இரண்டுக்கும் நடுவில் நிற்பார். ஸ்லைடை 8-இல் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள், ஆனால் 9-ஐ எட்டாமல் நிறுத்திவிட்டு 5-ஆவது ஃப்ரெட் ஸட்ஜத்துக்கு இறங்குங்கள். எவ்வளவு தூரம் ஏறுவது என்பதற்கு அளவுகோல் கிடையாது. முதலில் வாயால் பாடிவிட்டு, பாடியதைக் கம்பியில் தேடுவதுதான் வழி. 1927-இல் ஸ்லைடு கலைஞர் பிளைண்ட் வில்லி ஜான்சன் பதிவு செய்த 'Dark Was the Night, Cold Was the Ground' என்ற பாட்டு, 1977-இல் வாயேஜர் விண்கலத்தோடு அனுப்பப்பட்டது. அதில் வார்த்தையே இல்லை, முனகலும் ஸ்லைடும் மட்டும்தான். அதைக் கேளுங்கள்; கிறிஸ்தவப் பக்திப் பாடல்தான், ஆனாலும் ஸ்லைடு பேசுவது எப்படி என்று அதில் விளங்கும்.

ப்ளூஸின் 12 பார் (பார் என்பது ஒரு தாளச் சுற்று) அமைப்புக்கு ஓப்பன் ஜி-யில் வழி எளிது: நான்கு பார் 12-ஆவது ஃப்ரெட், இரண்டு பார் 5-ஆவது, இரண்டு பார் 12, பிறகு 7-இல் ஒன்று, 5-இல் ஒன்று, கடைசி இரண்டும் 12. கட்டைவிரல் 5-ஆம் கம்பியைத் திறந்தபடி தட்டிக்கொண்டே இருக்கலாம். 5-ஆவது ஃப்ரெட்டின் சி கார்டுக்கும் அந்த ஜி பஞ்சமமாகப் பொருந்தும். 7-ஆவது ஃப்ரெட்டுக்குப் போகும் அந்த ஒரு பாருக்கு மட்டும் கட்டைவிரலை 4-ஆம் கம்பிக்கு மாற்றுங்கள். இப்படித் திறந்த கம்பி ஒலிக்கும்போது ஸ்லைடு 1, 2, 3 ஆகிய மெல்லிய கம்பிகளை மட்டும் தொட வேண்டும். நுனி 3-ஐத் தாண்டிப் போனால் பேஸ் (அடியில் ஒலிக்கும் தாழ்ந்த ஸ்வரம்) செத்துவிடும்.