எலிக் கல்லீரலில் ஒளிரும் கட்டி: லூசிஃபெரேஸ் எண்ணை நம்பும்படி எடுப்பது

தோலுக்கடியில் வளரும் கட்டியைக் காலிப்பர் வைத்து அளந்துவிடலாம். கல்லீரலுக்குள் வளர்வதை அப்படி அளக்க வழியில்லை. வயிற்றைத் திறந்து பார்த்தால் அந்த விலங்கோடு அளவீடும் முடிந்துபோகும். அதனால்தான் மின்மினியின் லூசிஃபெரேஸ் (லூசிஃபெரின் என்ற பொருளோடு வினைபுரிந்து ஒளி தரும் நொதி) மரபணுவைப் புற்றுச் செல்லில் ஏற்றி, ஒரே சுண்டெலியை வாரக்கணக்கில் படம் எடுக்கிறார்கள். படம் எடுப்பது சுலபம். அதிலிருந்து வரும் எண் கட்டியைத்தான் சொல்கிறதா என்பதில்தான் சிக்கல்.

பச்சையாக ஒளிரும் புரதமான ஜிஎஃப்பி உயிருள்ள விலங்கின் கல்லீரலுக்கு ஒத்துவராது. அதைத் தூண்டும் நீல ஒளியை ரத்தத்தின் ஹீமோகுளோபின் விழுங்கிவிடும். தோலும் தீவனத்தில் உள்ள குதிரைமசாலும் தாமாகவே ஒளிரும். லூசிஃபெரேஸுக்கு வெளியிலிருந்து ஒளி வேண்டாம். 37 டிகிரி உடல் வெப்பத்தில் அதன் ஒளி 610 நானோமீட்டரை ஒட்டி உச்சம் பெறுவதால் ஒரு பங்கு திசுவைக் கடந்து வெளியே வந்துவிடும். அறுத்த பிறகு நுண்ணோக்கியில் பார்க்க ஜிஎஃப்பி உதவும் என்பதால் இரண்டின் மரபணுக்களையும் சேர்த்துச் செல்லுக்குள் ஏற்றும் லென்டிவைரஸைப் பயன்படுத்துவது நல்லது.

செல்லைத் தயார் செய்தல்

ஹெப்ஜி2, ஹெப்3பி, ஹூ7 மூன்றும் மனிதச் செல்கள். நியூட், என்எஸ்ஜி போன்ற எதிர்ப்புசக்தி குறைந்த சுண்டெலிகளில்தான் வளரும். ஹெப்ஜி2 பிறந்தது குழந்தைகளுக்கு வரும் ஹெப்படோபிளாஸ்டோமாவிலிருந்து. பெரியவர்களின் கல்லீரல் புற்றுக்கு அதை மட்டும் நம்பி முடிவு எழுதாதீர்கள். இம்யூனோதெரபி சோதனை என்றால் எலிச் செல்லான ஹெப்பா1-6-ஐ சி57பிஎல்/6 சுண்டெலியில் வைக்கலாம்.

வைரஸ் ஏற்றிய பின், மரபணு ஏறாத செல்களைக் கொல்லும் பியூரோமைசினில் தேர்வு செய்யுங்கள். மி.லி.க்கு 1 முதல் 2 மைக்ரோகிராம் என்பது வழக்கம், ஆனால் உங்கள் தாய்ச் செல் (மரபணு ஏற்றாத மூலச் செல்) எந்த அளவில் சாகிறது என்று முதலில் பாருங்கள். பிறகு பக்கம் கறுத்த 96 குழித் தட்டில் 50,000 செல்லில் தொடங்கிப் பாதிபாதியாகக் குறைத்து, மி.லி.க்கு 150 மைக்ரோகிராம் லூசிஃபெரின் ஊற்றி அளங்கள். செல் எண்ணிக்கையும் ஒளியும் நேர்கோட்டில் வர வேண்டும். வளையும் கோட்டோடு விலங்குக்குப் போகாதீர்கள். பியூரோமைசின் இல்லாமல் சில வாரம் வளர்த்து, செல்லுக்கு இத்தனை ஒளி என்ற அளவு குறைகிறதா என்றும் பாருங்கள். குறைந்தால் மரபணு ஊமையாகிறது என்று அர்த்தம். எலிக்குள்ளும் அதுவே நடக்கும், மருந்து வேலை செய்கிறது என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். தாய்ச் செல்லும் ஒளிரும் செல்லும் ஒரே வேகத்தில் வளர்கின்றனவா என்பதையும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாத் தொற்று இல்லை என்பதையும் இந்தக் கட்டத்திலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

கல்லீரலில் வைத்தல்

இந்தியாவில் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவுக்குப் படிவம் பி போய், ஒப்புதல் வந்த பிறகுதான் இது. அறுவைப் பயிற்சி இல்லாதவர் முதல் விலங்கில் கற்கக் கூடாது. இறந்த எலியில் பழகுங்கள்.

செல்கள் தட்டில் 70–80 சதவீதம் நிறைந்திருக்கும்போது எடுங்கள். ஹெப்ஜி2 கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொள்ளும், எனவே 40 மைக்ரான் வலையில் வடிகட்டாமல் ஊசியில் ஏற்றாதீர்கள். இறந்த செல்லை நீலமாக்கும் டிரிப்பன் ப்ளூ சாயத்தில் உயிருள்ளவை 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அன்றைய வேலையைத் தள்ளிப்போடுங்கள். 10 லட்சம் செல்லை 10 மைக்ரோ லிட்டர் பிபிஎஸ் (உப்புக் கரைசல்), 10 மைக்ரோ லிட்டர் மேட்ரிஜெல்லில் (புரதக் கூழ்) கலந்தால் மொத்தம் 20. மேட்ரிஜெல்லை முந்தின இரவே 4 டிகிரியில் உருகவைத்து, குழாய், டிப், ஊசி எல்லாவற்றையும் ஐஸில் வையுங்கள். இளஞ்சூடு பட்டாலே அது ஊசிக்குள் உறைந்துவிடும்.

ஐசோஃபுளூரேன் மயக்கம், வெட்டுவதற்கு முன்பே வலிநிவாரணி, கீழே சூட்டுத் தட்டு. மார்பெலும்பு முனைக்குக் கீழே ஒன்று, ஒன்றரை செ.மீ. நடுக்கோட்டில் திறந்து, சலைனில் நனைத்த பஞ்சுக் குச்சியால் இடது மடலை வெளியே வழுக்கிக் கொண்டுவாருங்கள். இடுக்கியால் பிடித்தால் கிழியும். ஊசி சிரிஞ்சோடு சேர்த்தே பொருத்தப்பட்ட 29 கேஜ் இன்சுலின் சிரிஞ்சு போதும். மேலுறைக்கு இணையாகச் சாய்த்து, சில மி.மீ. உள்ளே செலுத்தி, அரை நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாக அழுத்துங்கள். ஊசி முனையைச் சுற்றி மேலுறைக்கு அடியில் கருஞ்சிவப்பு வெளிறி, வெள்ளையாய் ஒரு சின்னக் குமிழ் எழ வேண்டும். குமிழ் எழாமல் திரவம் சட்டென்று மறைந்தால் ஊசி ரத்தக் குழாயில் இருக்கிறது. அந்தச் செல்கள் நுரையீரலில்தான் ஒளிரும். முடிந்ததும் ஊசியை உடனே உருவாமல் அரை நிமிடம் நிறுத்தி, பிறகு எடுத்து, பஞ்சால் ஒரு நிமிடமாவது அழுத்துங்கள். வெளியே கசிந்த ஒரு துளி போதும், மூன்றாம் வாரத்தில் வயிற்றறை முழுக்கப் புள்ளி புள்ளியாக ஒளிரும். தசை, தோல் இரண்டையும் தனித்தனியாகத் தையுங்கள்.

லூசிஃபெரினும் கேமராவும்

லூசிஃபெரினில் தண்ணீரில் கரையும் பொட்டாசியம் உப்பையே வாங்குங்கள். கால்சியம், மெக்னீசியம் இல்லாத டிபிபிஎஸ் உப்புக் கரைசலில் மி.லி.க்கு 15 மி.கி. வீதம் கரைத்து, 0.22 மைக்ரானில் வடிகட்டி, சிறு பங்குகளாக ஒளி படாமல் மைனஸ் 20-இல் வையுங்கள். திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்கிய கரைசல் ஆக்சிஜனேறி, நொதியையே தடுக்கும் பொருளாக மாறும். எடையில் ஒரு கிராமுக்கு 10 மைக்ரோ லிட்டர், அதாவது 20 கிராம் சுண்டெலிக்கு 200 மைக்ரோ லிட்டர். கிலோவுக்கு 150 மி.கி. என்ற கணக்கு இதுதான். வயிற்றறைக்குள் போடும் இந்த ஊசி தவறிக் குடலுக்குள் போய்விடுவது எல்லா ஆய்வகத்திலும் நடக்கும், அன்று அந்த எலியின் எண் திடீரென்று சரியும். ஒரு எலி மட்டும் போன வாரத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு காட்டினால், மறுநாள் மீண்டும் ஊசி போட்டு எடுத்துப் பாருங்கள்.

ஊசி போட்ட 10–15 நிமிடத்தில் ஒளி உச்சம் தொடும் என்பார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஆரம்பத்திலும் கட்டி பெரிதான பின்பும் மூன்று நிமிடத்துக்கு ஒரு படமாக 35 நிமிடம் எடுத்து உங்கள் வளைவை வரையுங்கள். ரத்த ஓட்டம் மாறினால் உச்சம் நகரும். வெள்ளை எலியில் ரோமம் பெரிய தடையில்லை. கறுப்பு எலியில் வயிற்றை மழித்தே ஆகவேண்டும். மல்லாக்கப் படுக்கவைத்து, பிரகாசமான எலியின் ஒளி பக்கத்து எலியில் வழியாதபடி இடையில் கறுப்புத் தடுப்பு வையுங்கள். ஐவிஸ் எனும் படக்கருவியின் கேமராவில் உச்ச எண்ணிக்கை 600-க்குக் கீழே இருந்தால் இரைச்சல், 60,000-ஐத் தாண்டினால் நிறைந்துவிட்டது. ஒளிபடு நேரத்தை மாற்றி மறுபடி எடுங்கள்.

எண்ணை விநாடிக்கு இத்தனை ஃபோட்டான் என்ற மொத்த ஒளியாக எழுதுங்கள். வெறும் கேமரா எண்ணிக்கை, ஒளிபடு நேரம் மாறினால் மாறிவிடும். ஒளியைக் கணக்கிடப் படத்தில் வரையும் வட்டம் எல்லா எலிக்கும் ஒரே அளவாக இருக்கட்டும். கட்டியில்லாத, ஆனால் லூசிஃபெரின் போட்ட எலி ஒன்று பின்னணியாக வேண்டும். மென்பொருள் ஒவ்வொரு படத்துக்கும் வண்ண அளவுகோலைத் தானே மாற்றிக்கொள்ளும்; அதை நிறுத்தி ஒரே அளவுகோல் வைக்காவிட்டால் முதல் வாரமும் ஐந்தாம் வாரமும் ஒரே சிவப்பாகத் தெரியும். ஏழாம் நாள் அளவைக் கொண்டு எலிகளை வரிசைப்படுத்தி, சராசரி சமமாக வரும்படி குழு பிரித்து, அதன் பிறகே மருந்தைத் தொடங்குங்கள்.

ஒளி குறைந்தால் கட்டி சுருங்கியதாகுமா?

லூசிஃபெரேஸ் ஒளிரும் வினைக்கு ஆக்சிஜனும் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியும் மெக்னீசியமும் வேண்டும். நடுப்பகுதி அழுகிய பெரிய கட்டி, பாதி அளவுள்ள கட்டியைவிட மங்கலாகத் தெரிவது இதனால்தான். சொராஃபெனிப் போல ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து, லூசிஃபெரின் கட்டியை எட்டுவதையே குறைக்கலாம். ரெஸ்வெரட்ரால் நொதியை நேரடியாகத் தடுக்கும். புற்று மருந்தான கெஃபிட்டினிப் நேர்மாறு: லூசிஃபெரினை வெளியே தள்ளும் ஏபிசிஜி2 பம்பை அடைத்து ஒளியைக் கூட்டும். உங்கள் மருந்தைத் தட்டில் உள்ள செல்லுக்கு ஒரு மணி நேரம் கொடுத்து அளங்கள். செல் சாவதற்கு முன்பே ஒளி மாறினால் அந்த மருந்துக்கு இந்த முறை மட்டும் போதாது. அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ சேர்த்தே ஆகவேண்டும். எதிர்ப்புசக்தி உள்ள எலியில் லூசிஃபெரேஸே அந்நியப் புரதம், மருந்து தராத குழுவிலும் ஒளி குறையலாம்.

எடை 20 சதவீதம் குறைந்தாலோ வயிறு உப்பினாலோ, திட்டமிட்ட நாள்வரை காத்திருக்கக் கூடாது. அன்றே எலியின் உயிரை வலியின்றி முடிக்க வேண்டும். முடிக்கும் நாளில் லூசிஃபெரின் போட்டு, உடல் படம் எடுத்து, உடனே கல்லீரலையும் நுரையீரலையும் தனியே எடுத்துப் படம் பிடியுங்கள். ரத்த ஓட்டம் நின்றதும் ஆக்சிஜன் தீர்ந்து ஒளி நிமிடங்களில் மங்கும், ஆகையால் உறுப்பைக் கழுவிக்கொண்டு நிற்காதீர்கள், மி.லி.க்கு 300 மைக்ரோகிராம் லூசிஃபெரின் கலந்த பிபிஎஸ்ஸில் போட்டுவிடலாம். பிறகு கட்டியை எடை போட்டு, 10 சதவீத ஃபார்மலினில் இடுங்கள். எடைக்கும் கடைசி நாள் ஒளிக்கும் வரைபடம் போட்டு, அதில் தள்ளி நிற்கும் எலிகளின் திசு வெட்டை முதலில் நுண்ணோக்கியில் பாருங்கள்.