'இஃப்'பே இல்லாத இஃப், கூடவே கொஞ்சம் இடியம்: இங்கிலீஷ்ல இதெல்லாம் எப்படி புரிஞ்சுக்கறது

இப்படி நடந்தா அப்படின்னு சொல்ற இஃப் வாக்கியங்கள ஃபர்ஸ்ட் கண்டிஷனல், செகண்ட் கண்டிஷனல்னு டேபிள் போட்டு மனப்பாடம் பண்றத முதல்ல விடுங்க. வந்தா, வந்தாலும், வந்தாதான், வரலேன்னா, வந்திருந்தா, இந்த அஞ்சும் நம்ம வாய்ல தினமும் வர்றதுதானே, இத வச்சே பாதி வேலை முடிஞ்சிரும்.

இஃப் ஹி கம்ஸ்னா வந்தா. ஈவன் இஃப் போட்டா வந்தாலும். ஒன்லி இஃப்னா வந்தாதான், ப்ரொவைடட், அஸ் லாங் அஸ் ரெண்டும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். அன்லெஸ் ஹி கம்ஸ்னா வரலேன்னா. அன்லெஸ்ஸுக்குள்ளயே ஒரு 'இல்ல' உக்காந்திருக்கு, அதனால அன்லெஸ் ஹி டஸின்ட் கம்னு எழுதினா அர்த்தம் தலைகீழா போயிடும், மெயில்ல நிறைய பேர் சொதப்புறது இங்கதான்.

இஃப் ஹி ஹேட் கம்னா வந்திருந்தா, அதாவது அவன் வரல, கதை முடிஞ்சுது. இதுல யாரும் குழம்புறதில்ல. ஆனா இஃப் ஐ ஹேட் மனி, ஐ வுட் பை இட்னு ஒருத்தர் சொன்னா ஹேட் வந்துருச்சேன்னு பழைய கதையா நினைச்சிடாதீங்க, இப்ப கையில காசு இல்லன்னுதான் சொல்றாரு. இஃப் பக்கம் பாஸ்ட் டென்ஸ், அந்தப் பக்கம் வுட் இருந்தா பெரும்பாலும் அது காலத்த சொல்லல, சும்மா ஒரு பேச்சுக்குன்னு அர்த்தம். இஃப் ஐ வேர் யூவும் அதே மாதிரிதான், நான் உங்க எடத்துல இருந்தான்னு நாசூக்கா அட்வைஸ் பண்றது.

இன் கேஸ் வேற ஆளு. டேக் அன் அம்ப்ரெல்லா இன் கேஸ் இட் ரெயின்ஸ்னா மழை வந்தாலும் வரும், இப்பவே குடைய எடுத்து வச்சுக்கோன்னு. மழை வந்தப்புறம் எடுக்கறதுக்கு இஃப் போதும்.

இஃப்பே கண்ணுல படாத கேஸ் தான் ஆபீஸ் மெயில்ல அதிகம். ஷுட் யூ நீட் எனி ஹெல்ப்னு ஆரம்பிச்சா அது கேள்வி இல்ல, உதவி தேவைப்பட்டான்னு. ஹேட் ஐ நோன்னா தெரிஞ்சிருந்தா. ஷுட், ஹேட், வேர்ல வாக்கியம் ஆரம்பிச்சு கடைசில கேள்விக்குறி இல்லேன்னா இஃப் ஒளிஞ்சிருக்கான்னு பாருங்க, முக்கால்வாசி இருக்கும்.

இடியம்ல, அதாவது மரபுத்தொடர்ல, வார்த்தைய பிரிச்சு மேயறது வேஸ்ட். பேச்சுக்கு சம்பந்தமே இல்லாம வாளி, பூனை, பாலம்னு வந்து நின்னா உஷாராகிடுங்க. அது கல்லு மாதிரி இறுகின சொல், மாத்தினா உடைஞ்சிடும். கிக்ட் த பக்கெட்னா மண்டைய போட்டாச்சுன்னு அர்த்தம், அதையே த பக்கெட் வாஸ் கிக்ட்னு திருப்பினா வெறும் வாளிய யாரோ உதைச்ச கதைதான்.

சிலதுக்கு நம்மகிட்ட ஜோடி ரெடியா இருக்கு. ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்னா அத்தி பூத்தாப்புல. லெட் த கேட் அவுட் ஆஃப் த பேக்னா ரகசியத்த போட்டு உடைச்சுட்டான். வென் பிக்ஸ் ஃப்ளைக்கு அத்தைக்கு மீசை முளைச்சா சித்தப்பா, இதுல நம்மளோடதுதான் டாப்புன்னு நான் சொல்வேன். இஃப் புஷ் கம்ஸ் டு ஷவ்னா வேற வழியே இல்லேன்னா.

தொனியையும் கேளுங்க. இஃப் யூ சே ஸோன்னு யாராவது இழுத்தா உங்கள நம்பிட்டாங்கன்னு நினைக்காதீங்க, உங்களோட மல்லுக்கட்ட இஷ்டமில்ல, அவ்ளோதான். அஸ் இஃப்னு மட்டும் வந்தா, ஆமா கிழிச்சான்னு அர்த்தம்.

மீட்டிங்ல டேபிள்னு வந்தா மட்டும் யாரு பேசறாங்கன்னு பாத்துக்கோங்க, பிரிட்டன்காரர் டேபிள் இட்னு சொன்னா இப்ப விவாதத்துக்கு எடுத்துக்கலாம்னு, அமெரிக்காக்காரர் சொன்னா இப்போதைக்கு ஓரங்கட்டி வைங்கன்னு.