டொர்னாடோ: எண்ணைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்

மேகத்திலிருந்து தரை வரை இறங்கிச் சுழலும் காற்றுத் தூண்தான் டொர்னாடோ. அதன் கடுமையைக் குறிக்க அமெரிக்காவில் இஎஃப் (மேம்படுத்திய ஃபுஜிடா) அளவுகோல் உண்டு; இஎஃப் 0 முதல் இஎஃப் 5 வரை ஆறு படிகள். நம் ஊர்ப் புயலுக்குச் சொல்வதுபோல, வரப்போகும் காற்றின் வேகத்தைச் சொல்லும் எண் இது என்று நினைப்பதுதான் முதல் தவறு. எல்லாம் அடித்து ஓய்ந்த பிறகு நேரில் போய், கூரை போனதா, சுவர் நின்றதா, மரம் வேரோடு சாய்ந்ததா என்று பார்த்துப் போடும் மதிப்பெண் அது. உடைவதற்கு ஒன்றும் இல்லாத வெட்டவெளியில் எண்ணும் குறைந்துவிடும்.

2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோவில் வீசியதை எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் 4.2 கிலோமீட்டர். ரேடாரில் பதிவான காற்று மணிக்கு 480 கிலோமீட்டரை ஒட்டி இருந்தது. ஆனால் பெரும்பாலும் வயல்வெளியில் போனதால் கிடைத்தது இஎஃப் 3. இறந்த எட்டுப் பேரும் வண்டியில் இருந்தவர்கள்.

‘இஎஃப் 1 தானே’ என்ற அலட்சியம் இரண்டாவது. செங்கல் வீட்டில் ஓடு பறப்பதோடு போகும் அதே காற்று, தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைக்கும் மொபைல் ஹோமைப் புரட்டிவிடும். கான்கிரீட் அஸ்திவாரத்தில் போல்ட் போட்டு இறுக்கிய வீடு அல்ல அது. இரும்புச் சட்டத்தோடு கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கும். தரையில் அடித்த நங்கூரமும் பட்டையும் துருப்பிடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். 2005 நவம்பர் 6, அதிகாலை 2 மணி சுமாருக்கு இண்டியானாவின் எவன்ஸ்வில்லில் ஒரே மொபைல் ஹோம் குடியிருப்பில் 20 பேர் இறந்தார்கள். இஎஃப்புக்கு முன் இருந்த பழைய எஃப் அளவுகோலில் அது எஃப் 3. இத்தகைய வீட்டில் இருப்பவர்கள், எச்சரிக்கை வந்த பிறகு கிளம்பலாம் என்று இருக்கக் கூடாது. சூழல் உருவாகிறது என்று சொல்லும் ‘வாட்ச்’ வரும்போதே உறுதியான கட்டடத்துக்குப் போய்விட வேண்டும். டொர்னாடோ தென்பட்டுவிட்டது என்று சொல்லும் ‘வார்னிங்’ வந்தால் கையில் இருப்பது சில நிமிடங்கள்தான். இரவென்றால் தூக்கத்திலேயே அதுவும் கழிந்துவிடும். போனை சைலன்ட்டில் போட்டுப் படுக்காதீர்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: பெரிய டொர்னாடோ என்றால் எங்கே ஒளிந்தும் பயனில்லை என்று கைவிடுவது. இஎஃப் 5 என்று பெயர் வாங்கியதிலும் அந்த அளவு சேதம் பாதையின் சிறு பகுதியில்தான் இருக்கும். மற்ற இடங்களில் சரியான அறை உயிரைக் காக்கும்.

எது சரியான அறை என்பது வீடு எந்த வரிசையில் உடைகிறது என்பதில் இருக்கிறது. பெரும்பாலும் கராஜ் கதவோ ஜன்னலோ முதலில் போகும். அந்த வழியாக உள்ளே புகுந்த காற்று கூரையை அடியிலிருந்து தள்ளும், வெளிக்காற்று மேலிருந்து உறிஞ்சும். கூரை கழன்றதும் மேல்பிடிப்பு இழந்த வெளிச்சுவர்கள் சாயும். நடுவே இருக்கும் சின்னக் குளியலறை, அலமாரி அறை இவைதான் கடைசியில் நிற்கும். அழுத்தம் சமமாகட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைப்பது, காற்றை நாமே உள்ளே அழைப்பது. தரைக்கு அடியில் அறை (பேஸ்மென்ட்) இருந்தால் நல்லது, ஆனால் மேல்தளத்தில் ஃபிரிட்ஜ் நிற்கும் இடத்துக்கு நேர் கீழே உட்காராதீர்கள். டெக்சாஸ் வீடுகளில் பெரும்பாலும் பேஸ்மென்ட் கிடையாது. அங்கே படிக்கட்டின் கீழ் அறை.

காரில் இருப்பவர்கள் மேம்பாலத்தின் கீழ் ஒதுங்குவது இன்னும் நிற்கவில்லை. பாலத்தடி இடுக்கில் காற்று வேகம் கூடும். மரத்துண்டும் தகரமும் அங்கேதான் வந்து அறையும். 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் மூன்று பாலங்களின் அடியில் உயிர்கள் போயின. 2015 டிசம்பர் 26 இரவு டல்லாஸ் அருகே கார்லண்டில் இறந்த பத்துப் பேரில் பெரும்பாலோர் நெடுஞ்சாலையில் வண்டிகளில் இருந்தவர்கள். பக்கத்தில் எந்தக் கட்டடம் இருந்தாலும் உள்ளே போங்கள். வழியே இல்லையென்றால் சீட் பெல்ட்டோடு ஜன்னலுக்குக் கீழே குனிந்து தலையை மூடுங்கள்.

அடி பெரும்பாலும் பறந்து வரும் பொருளால்தான். பைக் ஹெல்மெட்டையும் கனமான ஷூவையும் வீட்டில் ஒதுங்கும் அறையிலேயே வைத்திருங்கள். வெளியே வந்ததும் காலில் ஆணி ஏறுவது சாதாரணம். காயத்தை மேலோட்டமாகத் துடைத்துவிட்டு விடாதீர்கள். 2011 மே 22 அன்று மிசூரியின் ஜாப்ளினில் அடித்த டொர்னாடோவுக்குப் பின், மண்ணும் மரச்சிராயும் புகுந்த காயங்களில் பூஞ்சைத் தொற்று ஏற்பட்டு 13 பேர் பாதிக்கப்பட்டார்கள், அதில் 5 பேர் இறந்தார்கள். ஓடும் சுத்தமான நீரில் நன்றாகக் கழுவுங்கள். ஆழமாக இறங்கிய துண்டை நீங்களே பிடுங்க வேண்டாம். என்ன குத்தியது என்பதை மருத்துவரிடம் சொல்லி, டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.